கிரீன்விச் நேரத்தில் வந்த கடிதங்கள்

கரடியூர்,
3 ஜூன் 2025

கண்ணு ஆசிர்,

தேவ கிருபையால் நானும் வீடும் சுகம். கப்பலில் நீயும் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மின்னஞ்சல்தான் என்றாலும் இந்த இரண்டு வரி இல்லாமல் ஆரம்பித்தால் அப்பா கல்லறையிலிருந்து எழுந்துவந்து திருத்துவார். முப்பது வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்த மனிதர். ஊர், தேதி, சுக விசாரிப்பு இல்லாத காகிதத்தை அவர் கடிதமாகவே மதித்ததில்லை.

ஏப்ரலில் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி ஏழு வாரம் ஆகிறது. மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போகும்போது கேட்டாயே, "இந்தப் பெட்டியில அப்படி என்னதான் செய்யறீங்க அக்கா?" என்று. அன்றைக்கு எரிந்து விழுந்தேன். இப்போது பதில் சொல்கிறேன். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரின் அடியில் ஓடும் எஞ்சின். அதன்மேல் பன்னிரண்டாயிரம் மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டி, ஒரே தொகுப்பாக இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் அடியிலிருக்கும் லினக்ஸைக் கழற்றிவிட்டு, ஆல்டர் என்கிற வேறொரு எஞ்சினைப் பூட்டுகிறோம். மேலே இருக்கிற பன்னிரண்டாயிரமும் ஒன்றும் நடக்காததுபோல ஓட வேண்டும். உன் கப்பலில் வேறு கம்பெனி எஞ்சினை இறக்கி, கேபின் விளக்கும் சமையலறை அடுப்பும் முன்போலவே எரிய வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான். சம்பளம் கிடையாது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருநூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது.

ஏழு வருஷமாக நானும் டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக்கும் இழுத்துக்கொண்டிருந்தோம். போன வாரம் அவர் விலகிவிட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை. இப்போது நான் ஒருத்திதான். தொகுப்பை நடத்துகிறவர்கள் கெடு வைத்துவிட்டார்கள். நவம்பர் முப்பதுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மென்பொருள்களாவது ஆல்டர் மேல் கட்டி, சோதனையில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்றைக்குத் தொண்ணூற்றொன்று. இதுவும் போனால் இந்த ஏழு வருஷம் நான் என்ன செய்தேன் என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, சாமி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் செய்கிறேன். எடு.

அன்புடன்,
அக்கா பிரிஸ்கில்லா

*

கப்பலிலிருந்து,
19 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆசிர் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நான் நலம். நீங்கள் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிறோம். அடுத்தது பிரேசில். எஞ்சின் அறை வேலை வழக்கம்போலத்தான், எண்ணெயும் சூடும் சத்தமும். போன் வேண்டாம் அக்கா. எடுத்தாலும் நீங்கள் பேசுவது எனக்கு ஒன்றும் விளங்காது. இந்த மாதிரி எழுதுங்கள். எழுதினால் இரண்டு தரம் மூன்று தரம் படித்துக்கொள்கிறேன்.

தொண்ணூற்றொன்று எடுத்தவருக்கு இன்னும் நாலு எடுக்கத் தெரியாதா? எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் சோறு கிடையாது என்று சொன்னவர்தானே நீங்கள்.

முத்தாயியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
ஆசிர்

*

கரடியூர்,
8 ஜூலை 2025

கண்ணு ஆசிர்,

சுகம். உன் சுகத்தையும் அறிந்தேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம், அதில் பாதி என் கதை. உன்னைப் பற்றி எண்ணெய், சூடு, சத்தம் என்று மூன்று வார்த்தை. பரவாயில்லை, கிடைத்தவரை லாபம்.

தொண்ணூற்றிரண்டு ஆகியிருக்கிறது. பகலில் பெங்களூர்க் கம்பெனிக்காரனுக்கு அடிமை. விடியலில் எழுந்து இந்த வேலை. ஒவ்வொரு மென்பொருளும் கட்டப்படும்போது என்ன நடந்தது என்று பத்தாயிரம் வரிக்குக் குறிப்பு எழுதும். தோற்றுப்போனால் அந்தப் பத்தாயிரத்தில் எந்த வரியில் தோற்றது என்று நான் தேட வேண்டும். ஒன்றைச் சரி செய்தால் வேறு மூன்று விழுகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிறது. மழைக்காலமாதலால் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. நேற்றுக் காட்டெருமை இரண்டு காப்பிச் செடிக்குள் வந்து நின்றன. விரட்ட எழுந்திருக்கவில்லை. அவை மேய்ந்தன, நான் படித்துக்கொண்டிருந்தேன்.

முத்தாயி செம்மநத்தத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்து பெட்டியின் காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, இன்னும் வேகலியா? எங்கூட்டு அடுப்புல வெச்சிருந்தா நேத்தே எறக்கியிருப்பேன்" என்கிறாள்.

வேடிக்கை ஒன்று கேள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் எழுதியவர் ஊர்க் கடிகாரம் எத்தனை மணி என்று பதிந்துவரும். ஆல்டரில் நேரம் பார்க்கிற மென்பொருளுக்கு இன்னும் அது பிடிபடவில்லை. ஹென்ரிக் எழுதினாலும் நீ எழுதினாலும் எல்லாம் கிரீன்விச் நேரமாகவே காட்டுகிறது. என் பெட்டிக்குள் உலகம் முழுக்க ஒரே மணி. சின்னப் பிழைதான், நவம்பருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கப்பலிலிருந்து,
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள், வேலை அதிகம்.

பிரேசில் கரையில் நிற்கிறோம். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. காட்டெருமையைத் தனியாக விரட்டப் போகாதீர்கள், மேய்ந்துவிட்டுப் போகட்டும்.

ஜெபத்துடன்,
ஆசிர்

*

கரடியூர்,
2 செப்டம்பர் 2025

கண்ணு ஆசிர்,

சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் ஐந்து வரிக் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. பெட்டியின் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டு ஒன்று செத்துப்போனதால் புதிது வாங்க நேற்றுச் சேலம் போனேன். பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகத்தான் ஓடுகிறது. போகும்போது கண்டக்டர் குப்பனூரில் இறக்கி, வேறு பஸ்ஸில் ஏறச் சொன்னான். கொட்டுகிற மழையில் டீக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். "ஏனுங்க டீச்சரம்மா, உள்ள வந்து குந்துங்க, சாரல் அடிக்குதுங்க" என்றார். கண்ணாடி போட்ட பெண் என்றால் டீச்சர்தான் அவருக்கு. உள்ளே உட்கார்ந்தால் பஸ் போய்விடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு எப்போதும் அந்தப் பயம்தான்.

தொண்ணூற்று மூன்று. வட்டு மாற்றியாயிற்று. முதுகுவலி மட்டும் மாறவில்லை.

அக்கா

*

கப்பலிலிருந்து,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலம்தானா? அதைத்தான் கேட்கிறேன்.

மழையில் அப்படி நனையாதீர்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். கம்பி ஒடிந்த அந்தக் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். ரொம்ப இளைத்துப்போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி ஆசிர்

*

கரடியூர்,
20 அக்டோபர் 2025

கண்ணு ஆசிர்,

நான் சுகம். போன முறை இரண்டே நாளில் பதில் போட்டாயே, சந்தோஷமாக இருந்தது. உடனே பதில் எழுத முடியாமல் நான்தான் ஆறு வாரம் கடத்திவிட்டேன். புதுக் குடை வாங்கியாயிற்று.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மூன்று வாரமாகத் தொண்ணூற்று மூன்று புள்ளி ஒன்பதில் நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்னேனே, நேரம் பார்க்கிற மென்பொருள், அதுதான் வழியில் படுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நூறு சோதனை. தொண்ணூற்றாறு தேறுகிறது, நாலு தோற்கிறது. அது தேறாதவரை அதை நம்பியிருக்கிற நூற்றறுபது மென்பொருள்களும் வரிசையில் நிற்கும். எத்தனை நாள்தான் முட்டிக்கொள்வது? இந்த மாதத் தொடக்கத்தில் அதன் குறிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இதற்குச் சோதனை வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான். பெட்டி நம்பிக்கொண்டது. பன்னிரண்டு நாளில் நூற்றறுபதும் கட்டி முடிந்தது. இன்றைக்குத் தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நாங்கள் ஆரம்பித்தபோது ஹென்ரிக் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். தேறாததைத் தேறியதாகப் போடக்கூடாது. ஏழு வருஷம் இரண்டு பேரும் அதைக் காப்பாற்றினோம். அவர் போன ஐந்தாம் மாதம் நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் களைத்துப்போனேன், சாமி. யாரும் பார்க்கப் போவதில்லை. நாலே நாலு சோதனை.

செய்தது தப்பா? நீ சொல்.

அக்கா

*

கப்பலிலிருந்து,
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் "விடுங்கள் அக்கா, யார் பார்க்கிறார்கள்" என்று எழுதி அழித்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பதினாலு வருஷம் எஞ்சின் அறையில் இருந்தவன். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கப்பல் ஏறும் முன் ஒவ்வொரு முறையும் மெடிக்கல் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி ஒரு சத்தம் விடுவார்கள், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவனுக்குக் கேட்காது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பொத்தானை அழுத்தும்போது அவர் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்துக் கையைத் தூக்குவான். மூன்று முறை அப்படித் தேறினான். காகிதத்தில் அவனுக்கு நல்ல காது.

போன வருஷம் ஒருநாள் எஞ்சின் அறையில் தீயணைக்கும் வாயுவைத் திறந்துவிட அபாயமணி அடித்தார்கள். அடித்தால் அத்தனை பேரும் வெளியே ஓட வேண்டும். உள்ளே இருந்தால் மூச்சு நின்றுவிடும். எல்லோரும் ஓடினார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வால்வை முடுக்கிக்கொண்டிருந்தான். கூட இருந்த மெல்வின் என்கிற பையன் திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவன் இன்றைக்கு இல்லை. ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் மெல்வினும் இருந்திருக்க மாட்டான்.

இந்த வருஷம் மெடிக்கலுக்குப் போனபோது பரிசோதிக்கிறவர் அவனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

உங்கள் நாலு சோதனை யாரையும் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. தேறியதாகப் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பது தினம் தினம் கஷ்டம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஆசிர்

*

கரடியூர்,
1 டிசம்பர் 2025

ஆசிர்,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை. அப்பா மன்னிக்கட்டும்.

நீ சொன்னபடி வரியை எடுத்தேன். செய்ததை எல்லோருக்கும் தெரியும்படி எழுதியும் போட்டேன். ஒருவரும் திட்டவில்லை. ஹென்ரிக் மட்டும் "நன்றி" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். பத்தாம் தேதியிலிருந்து அந்த நாலு சோதனையோடு மல்லுக்கட்டினேன். பதினெட்டாம் தேதி நாலும் தேறின. அதை நம்பியிருந்த நூற்றறுபதையும் முதலிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன்.

கட்ட விடும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று என் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். இப்போது ஒவ்வொரு கடிதமும் எழுதியவர் ஊர் நேரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். ஹென்ரிக் கடிதங்கள் டென்மார்க் நேரம் காட்டின. சரி. உன் கடிதங்களைத் திறந்தேன். பிரேசில் கரையிலிருந்து எழுதியது கிரீன்விச்சுக்கு மூன்று மணி பின்னால் இருக்க வேண்டும். ஐந்தரை மணி முன்னால் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து எழுதியதும் ஐந்தரை. எல்லாமே ஐந்தரை. என் மேசைக் கடிகாரம் காட்டுகிற அதே நேரம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் திருத்தத்தில்தான் தப்பு என்று நினைத்தேன். உன்னைச் சந்தேகப்பட மனசு வரவில்லை, என் வேலையைச் சந்தேகப்பட்டேன். இல்லாத பிழையைத் தேடி நாலு நாள் உட்கார்ந்தேன். பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கும் தப்பில்லை. ஐந்தாம் நாள் காலை முத்தாயி வந்து, "பழைய கொடைய நான் எடுத்துக்கட்டுங்களா கண்ணு? கம்பிதான ஒடிஞ்சிருக்கு, நொம்ப நல்ல துணி" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்பி குப்பனூர் டீக்கடை வாசலில், நான் நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் காற்றில் ஒடிந்தது. உனக்கு எழுதிய கடிதத்தில் குடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. தேடிப் படித்துவிட்டேன், இல்லை. கம்பி ஒடிந்த குடை என்று எழுதியது நீதான்.

நேற்றுக் கெடு முடிந்தது. நூற்றறுபதில் நூறு கட்டியாயிற்று, அறுபது வரிசையில் நிற்கிறது. தொண்ணூற்று நாலு புள்ளி ஏழு. முப்பத்தாறு மென்பொருள் குறைவு. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த நாலு நாள் கையில் இருந்திருந்தால் அறுபதும் முடிந்திருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அதுவும் தேறாததைத் தேறியதாகப் போடுவதுதான். காலையிலிருந்து அழுதுவிட்டு இப்போது எழுதுகிறேன். ஏழு வருஷம் போனதற்கா, நீ எட்டு மாதம் மலையடிவாரக் குப்பனூரில் இருந்துகொண்டு பிரேசில் என்று எழுதியதற்கா என்று தெரியவில்லை. தினமும் பத்தாயிரம் வரி படிக்கிறவள், நீ எழுதிய ஐந்து வரியைப் படிக்கவில்லை.

உன்னோடு வேலை பார்த்த அவன் இப்போது எப்படி இருக்கிறான்? அதை மட்டும் எழுது. நலம் என்று எழுதாதே.

பிரிஸ்கில்லா

*

குப்பனூர்,
2 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவனுக்கு வலது காதில் ஒன்றும் கேட்காது. இடது காதில், பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினால் பாதி கேட்கும். கத்தினால் அதுவும் கேட்காது. சத்தமில்லாத இடத்தில் ஒரு ரீங்காரம் மட்டும் ஓயாமல் இருக்கும். அதனால் இங்கே செங்கோடன் அண்ணன் போர்வெல் வண்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். இந்தச் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது, எல்லோரும் ஜாடையில்தான் பேசுகிறார்கள். அவன் தனியாகத் தெரியமாட்டான்.

ஏப்ரலில் மெடிக்கலில் தோற்றதும் மலைக்குத்தான் பஸ் ஏறினேன். குப்பனூரில் இறங்கிவிட்டேன். என்னைப் படிக்கவைத்துக் கப்பலில் ஏற்ற நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சபையில் எல்லோரிடமும் "தம்பி கப்பலில்" என்று சொல்லியிருந்தீர்கள். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அப்புறம் உங்கள் முதல் கடிதம் வந்தது, நவம்பர் கெடு என்று. அந்தப் பாரத்தோடு இதுவும் வேண்டாம், முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். உங்கள் வேலையைக் காப்பாற்ற மறைத்தேன். மறைத்ததால்தான் அது போயிற்று. இதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை அக்கா.

அன்றைக்கு மழையில் டீக்கடைக்கு எதிரே, தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு முறை இந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னீர்கள். என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறீர்களா, கடைக்காரரிடம் பேசுகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். உங்கள் பஸ் போகும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறுபதையும் முடித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, அந்த இருநூறு பேர் இருக்கிறார்கள். வரிசையில் பாதியில் நிறுத்துவது உங்களுக்குப் பழக்கமில்லை.

நான் நலமில்லை அக்கா. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கரடியூர் நிறுத்தத்தில் இறங்கும்போது தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், எனக்குக் கேட்காது. கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசிர்